தொடக்கநிலை ஒன்று: பள்ளியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்

சிங்கப்பூரில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததுமே வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சு தொடங்கிவிடுகிறது. சில குடும்பங்கள் அதற்காகவே பேட்டை மாறுகின்றன. என் மகள் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளையும் முடித்துவிட்டாள். மகன் இப்போது தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். பதிவுக்குத் தயாராகும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "எது நல்ல பள்ளி?" என்பதுதான். பள்ளி முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்து சேரும்போது மணி என்ன ஆகும், அதன் பிறகு அவனிடம் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். ஆறு ஆண்டுகள் பிள்ளை சுமக்கப்போகும் அழுத்தத்தில் பெரும்பகுதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பாடத்திட்டம் எல்லா அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் ஒன்றே. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வும் ஒன்றே. ஆசிரியர்களை அமர்த்துவதும் கல்வி அமைச்சுதான். அப்படியிருந்தும் பெயர்பெற்ற பள்ளிகளுக்குப் போட்டி ஏன் என்றால், பழைய மாணவர் தொடர்பும், சுற்றியிருக்கும் பிள்ளைகளின் குடும்பச் சூழலும், சில பள்ளிகளுக்கு உயர்நிலைப் பள்ளியோடு இருக்கும் இணைப்பும்தான். அந்த இணைப்புக்கு உண்மையான மதிப்பு உண்டு. பிஎஸ்எல்இ முடிந்து உயர்நிலைப் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது, இணைப்புப் பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டால் முன்னுரிமை கிடைக்கும். மற்றபடி, பெயருக்காக மட்டும் ஒரு பள்ளியைத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

பதிவு முறையைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். முதல் கட்டம் அதே பள்ளியில் அண்ணனோ அக்காளோ படிக்கும் பிள்ளைகளுக்கு. 2ஏ கட்டம் முக்கியமாகப் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 2பி பெற்றோர் தொண்டூழியர்களுக்கும், பள்ளியோடு தொடர்புடைய தேவாலய, குல அமைப்பினருக்கும், சமூகத் தலைவர்களுக்கும். 2சி எந்தத் தொடர்பும் இல்லாத மற்றக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நம்மில் பெரும்பாலோருக்கு உரியது 2சிதான். 2022ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து இந்தக் கட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியிலும் தொடக்கத்திலேயே 40 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கு முன் அது 20. இந்த மாற்றம் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நல்ல செய்தி.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். அதில் முதலில் பார்க்கப்படுவது குடியுரிமை, அடுத்தது தூரம். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்கள், ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், அதற்கும் அப்பால் இருப்பவர்கள் என்று வரிசை போகும். நிரந்தரவாசிகளின் முறை அதற்குப் பிறகுதான். பள்ளிக்கு எதிர் புளோக்கில் குடியிருக்கும் நிரந்தரவாசியின் பிள்ளைக்கு முன்பாக, தீவின் மறுகோடியில் இருக்கும் குடிமகனின் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். இதை அறியாமல், நிரந்தரவாசியாக இருந்துகொண்டு, பெரிய பள்ளியின் அருகே அதிக வாடகைக்கு வீடு எடுத்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூர முன்னுரிமையில் இடம் வாங்கினால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து 30 மாதங்களாவது பிள்ளை அந்த முகவரியில் வசிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வேலை அனுமதியில் இருப்போரின் பிள்ளைகள் மூன்றாம் கட்டம் வரை காத்திருக்க வேண்டும். அங்கே எந்தப் பள்ளிக்கும் உறுதி கிடையாது.

தொண்டூழியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவுக்கு முந்தைய ஆண்டே பெயர் கொடுத்து, பதிவு ஆண்டின் ஜூன் மாத இறுதிக்குள் குறைந்தது 40 மணி நேரம் உழைக்க வேண்டும். எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது பள்ளியின் விருப்பம். அவ்வளவு உழைத்தும் 2பியில் குலுக்கல் வந்துவிடலாம். அந்தப் பள்ளியோடு உண்மையிலேயே ஒட்டுதல் இருந்தால் செய்யுங்கள். இடத்துக்காக மட்டும் விடுப்பு எடுத்து உழைத்துவிட்டு, பிறகு அந்த உழைப்பைப் பிள்ளையின் தலைமேல் கடனாக ஏற்றிவைக்காதீர்கள். "உனக்காக நான் எவ்வளவு செய்தேன்" என்ற சொல் ஏழு வயதில் காதில் விழுந்தால் அது எளிதில் போகாது.

தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் பார்க்க வேண்டிய ஒன்று, தாய்மொழி. நன்யாங், தாவ் நான், ஐ தோங், நான் ஹுவா போன்ற பெயர்பெற்ற பள்ளிகள் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அங்கே தாய்மொழிப் பாடம் சீனம்தான், தமிழ் இல்லை. தொடக்கநிலையில் இத்தகைய பள்ளிகள் 15 இருக்கின்றன. மற்றப் பள்ளிகளிலும் தமிழ் அங்கேயே நடக்கிறதா, எத்தனை ஆசிரியர்கள், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பள்ளியும் கற்பிக்கும் தாய்மொழிகள் கொடுக்கப்பட்டுள்ளன. பள்ளியிலேயே தமிழாசிரியரும் தமிழ் பேசும் நண்பர்களும் இருப்பதற்கு நான் மிகுந்த மதிப்பு கொடுப்பேன். தமிழ் பிஎஸ்எல்இயின் நான்கு பாடங்களில் ஒன்று என்பது ஒரு காரணம். நாள் முழுவதும் ஆங்கிலத்தில் இயங்கும் பிள்ளைக்கு, தன் வீட்டு மொழிக்கும் பள்ளியில் இடம் இருக்கிறது என்று தெரிவது அதைவிடப் பெரிய காரணம்.

தூரத்துக்கு வருகிறேன். பள்ளி காலை 7.30 மணி வாக்கில் தொடங்கும். நடந்து போகும் தூரம் என்றால் பிள்ளை ஆறரைக்கு எழுந்தால் போதும். தொலைவில் இருக்கும் பள்ளி என்றால், பல புளோக்குகளைச் சுற்றி வரும் பள்ளிப் பேருந்துக்காக ஐந்தரைக்கு எழுப்ப வேண்டியிருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்குத் தூங்கியாக வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய் ஏழரைக்கு வீடு திரும்பும் குடும்பத்தில் இது நடக்குமா? தூக்கம் குறைந்த பிள்ளையை நாம் கவனக்குறைவான பிள்ளை என்று முடிவு கட்டி, அதற்கும் ஒரு டியூஷன் தேடுகிறோம். நாங்கள் வீட்டருகே பத்து நிமிட நடையில் இருந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். மகள் மதியம் வந்து, சாப்பிட்டு, சிறிது தூங்கி, மாலையில் கீழே போய் விளையாட அதனால்தான் நேரம் இருந்தது.

முதல் இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் சேரும் தேர்வு எதுவும் இல்லை. 2019இல் இரண்டாம் வகுப்புக்கும் அது நீக்கப்பட்டது. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும் தேர்ச்சி அறிக்கையில் வருவதில்லை. அமைச்சு கொடுத்த இந்த இரண்டு ஆண்டுகளைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். கடையில் அடுக்கியிருக்கும் பயிற்சிப் புத்தகங்களை வாங்கி வீட்டில் தேர்வு வைப்பது, எடுத்த சுமையை நாமே திருப்பி ஏற்றுவதாகும். இந்த வயதில் வாசிப்புப் பழக்கம் ஒன்று போதும். தமிழ்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் நூலகத்திலிருந்து மாறி மாறி வரட்டும்.

மூன்றாம் வகுப்புதான் உண்மையான திருப்பம். பலர் இதற்குத் தயாராக இருப்பதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் வகுப்புக்கு சுமார் 30 பேர். மூன்றில் 40 வரை போகும். அறிவியல் புதிதாக நுழைகிறது. மதிப்பெண்ணோடு தேர்வுத்தாள் முதன்முதலாக வீட்டுக்கு வருவதும் இப்போதுதான். என் மகளின் முதல் கணிதத் தாள் வந்தபோது அவள் எங்கள் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், எந்தக் கேள்வி பிடித்தது, எது புரியவில்லை என்று கேட்டோம். அன்றிலிருந்து தாளை ஒளித்து வைக்க வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை. மகனிடமும் இதே வழக்கம்தான்.

கணிதத்தில் ஒரு சிக்கலைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கே சொற்கணக்குகளைக் கட்டங்கள் வரைந்து போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதிப் பழகியவர்கள். நம் முறையை வீட்டில் திணித்தால் பிள்ளைக்கு ஒரே கணக்கு இரண்டு கணக்காகிவிடும். பள்ளி முறையை நாம்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளையையே நமக்குச் சொல்லித்தரச் சொன்னால் இன்னும் நல்லது.

டியூஷன் பற்றி என் கருத்து கறாரானது. 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் டியூஷனுக்கு ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி செலவிடுகின்றன. எல்லோரும் அனுப்புகிறார்கள் என்பது ஒரு காரணமே அல்ல. எந்தப் பாடத்தில், எந்தப் பகுதி புரியவில்லை என்று பெயர் சொல்ல முடிந்தால் அனுப்புங்கள். அது சரியானதும் நிறுத்துங்கள். கட்டணம் சுமையாக இருந்தால் 1991 முதல் இயங்கும், இந்தியச் சமூகத்துக்கான சுயஉதவி அமைப்பான சிண்டா குறைந்த கட்டணத்தில் நடத்தும் துணைப்பாட வகுப்புகளைப் பாருங்கள்.

பிஎஸ்எல்இ மதிப்பீடு 2021இல் மாறியது பலருக்கு மேலோட்டமாகவே தெரியும். முன்பு மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் கணக்கிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை நிலைகள். 90உம் அதற்கு மேலும் முதல் நிலை, 85 முதல் 89 வரை இரண்டாவது, 65 முதல் 74 வரை ஐந்தாவது, 45 முதல் 64 வரை ஆறாவது. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டினால் கிடைக்கும் சிறந்த மொத்தப் புள்ளி 4. பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்கினாலும் உங்கள் பிள்ளையின் நிலை மாறாது. 66 வாங்கினாலும் 73 வாங்கினாலும் ஒரே நிலைதான். மேல்தட்டில் மட்டும் நிலைகள் ஐந்தைந்து மதிப்பெண் அகலத்தில் நெருங்கியிருக்கின்றன. அங்கே நிற்கும் பிள்ளைகளின் வீடுகளில்தான் பதற்றம் இன்னும் குறையவில்லை.

ஆறாம் வகுப்பில் நாங்கள் செய்தது மூன்றுதான்: இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தோம், விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கையை நிறுத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் புத்தகத்தைத் தொடவிடவில்லை. தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பகுதியில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் அன்றைய செய்தி ஒன்றைப் பற்றி ஏன், எப்படி என்று கேட்டுப் பேசவைத்தது கைகொடுத்தது.

முடிவுகள் வந்ததும் ஆறு உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். புள்ளிகள் சமமாக இருந்தால் அந்த விருப்ப வரிசையும் கணக்கில் வரும் என்பதால் அதை அவசரத்தில் நிரப்பாதீர்கள். தொடக்கநிலை ஒன்றுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். இந்த முறை பிள்ளையையும் அழைத்துக்கொண்டு திறந்த நாள்களுக்குப் போய், முதல் இரண்டு இடங்களை அவளையே எழுதவிடுங்கள்.