கவிஞரோடு வழக்காடும் வகுப்பு

மதுரையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்குப் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே ஒன்று விளங்கிவிடும். எதிரில் அமர்ந்திருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் நீட் தேர்வுக்கோ ஜேஇஇ தேர்வுக்கோ ஆயத்தமாகிக்கொண்டிருப்பவர்கள். அவர்களைப் பொறுத்தவரை ஆங்கிலம் மொத்த மதிப்பெண்ணை ஏற்றிக்கொடுக்கும் பாடம், அவ்வளவுதான். கவிதையின் மையக்கருத்தும் அதில் பயின்றுவரும் அணிகளும் கவிஞர் சொல்லவந்த செய்தியும் கைடில் அச்சாகியிருக்கின்றன, அவற்றைப் பிசகாமல் எழுதினால் மதிப்பெண் வருகிறது. இதற்காக மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரு கவிதையைப் படித்துவிட்டு அதில் எந்த இடத்திலும் கவிஞரோடு முரண்படாத ஒருவர் அதை உண்மையிலேயே படித்தார் என்று என்னால் நம்ப முடிவதில்லை. ஆகவே இலக்கியத்தில் கூடுதல் நாட்டம் உள்ளவர்களுக்காக நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு, அவர்கள் எதிர்த்துப் பேசக்கூடிய படைப்புகளையே தேடி எடுத்துவருகிறேன். எதிர்த்துப் பேசுவதற்குத் துணிவு மட்டும் போதாது. எழுதியவரைவிட ஒரு பிடியேனும் கூடுதலாகத் தெரிந்த ஏதோவொன்று படிப்பவரிடம் இருக்க வேண்டும்.

1861இல் வெளிவந்த ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' சில ஆண்டுகள் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் இருந்தது. அதற்கு மாற்றாக எச்.ஜி. வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' நாவலையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், விறுவிறுப்பை விரும்பிய பள்ளிகள் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகும் எலியட்டின் நாவலை நான் கைவிடாததற்குக் காரணம், அதன் நாயகன் ஒரு தறிக்காரன் என்பதுதான். செல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் தாத்தா பாட்டி காலம்வரை வீட்டில் தறி ஓடிய குடும்பத்தினர் உண்டு. செய்யாத திருட்டுக்குப் பழி சுமத்தப்பட்டு, திருவுளச்சீட்டும் தனக்கு எதிராக விழுந்ததால் கடவுள்மீதும் மனிதர்கள்மீதும் நம்பிக்கை இழந்து வேற்றூருக்கு வந்துவிடும் சைலஸின் கதையை அவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொள்வார்கள். பேச்சு சூடுபிடிப்பது அவன் எடுத்து வளர்க்கும் குழந்தை எப்பியிடம் வரும்போதுதான். தவழ்ந்தும் தத்தியும் வெளியே ஓடிவிடாதபடி அவளை ஓர் அகலமான துணிப்பட்டையால் தறியோடு சேர்த்துக் கட்டிவைக்கிறான் சைலஸ். அவன் புதிய பாவு பூட்டுவதில் மூழ்கியிருக்கும் நேரத்தில் அவள் கைக்கு எட்டிய கத்தரிக்கோலால் பட்டையை வெட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறாள். "பிள்ளை இருக்கிற வீட்டில் எந்தத் தறிக்காரரும் கத்தரியைக் கீழே வைக்கமாட்டார் மிஸ், எங்கள் பாட்டி அதை உத்தரத்தில்தான் செருகியிருப்பார்கள்" என்று ஒரு மாணவி அடித்துச் சொன்னாள். எலியட்டுக்குத் தறி தெரியாது என்பது அவளது முடிவு. அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டு வேறொருவர், பதினைந்து ஆண்டுகள் தனியாக வாழ்ந்தவனுக்குப் பிள்ளை இருக்கும் வீட்டின் பழக்கங்கள் எப்படித் தெரியும், நாவலாசிரியர் காட்டவந்ததே அதைத்தானே என்று மறுத்தார். கதாபாத்திரத்தின் வளர்ச்சியை விளக்குக என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடையை நான் எந்த விடைத்தாளிலும் பார்த்ததில்லை.

கவிதையில் இதற்கு நிகரான இடம் ஆங்கிலத்தில் எழுதிய ஏ.கே. ராமானுஜனின் 'எ ரிவர்'. 1966இல் வெளியான 'தி ஸ்ட்ரைடர்ஸ்' தொகுப்பில் உள்ள இக்கவிதையின் தொடக்கமே மதுரைதான். கோடையில் நூலிழையாய் வற்றும் ஆறு, விலா எலும்புகளாய்த் துருத்தும் மணல், ஒட்டுப்போட்ட பாலங்களின் அடியில் துருப்பிடித்த மதகுக் கம்பிகளில் அடைத்துக்கொண்டிருக்கும் வைக்கோல், பெண்களின் தலைமுடி. கோரிப்பாளையத்திலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து தினமும் வருகிற பிள்ளைகளுக்கு இங்கே விளக்கவுரை தேவைப்படுவதில்லை. ஈரக்கற்கள் தூங்கும் முதலைகளைப் போலவும் காய்ந்த கற்கள் மழித்த எருமைகளைப் போலவும் கிடப்பதாக அவர் எழுதியிருப்பதைப் படித்ததும், "இப்போது கல் எங்கே தெரிகிறது, ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும்தானே தெரிகின்றன" என்றொரு குரல் எழும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கே வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிற காலத்துப் பிள்ளைகள் அவர்கள்.

கவிதையின் குற்றச்சாட்டு பின்னால் வருகிறது. வெள்ளம் மூன்று வீடுகளையும் ஒரு கர்ப்பிணியையும் கோபி, பிருந்தா என்ற இரு பசுக்களையும் வழக்கம்போல அடித்துச்செல்கிறது. பழம்புலவர்கள் வெள்ளத்தை மட்டுமே பாடினார்கள், புதுக்கவிஞர்களோ பழம்புலவர்களையே மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தபடி மூழ்கியவளை எவரும் பாடவில்லை என்கிறார் ராமானுஜன். பசுக்களின் பெயரைக் கேட்டு வகுப்பு சிரிக்கும். பசுவுக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு இல்லையே என்று யாராவது ஒருவர் சொன்னதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்; நானாக அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. அதுவரை கைடும் வந்துவிடும். அதற்கு அப்பால் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. வெள்ள நாளில் ஒரே ஒருநாள் ஊரில் இருந்த கவிஞர் என்றுதான் கவிதை சொல்கிறது, ஒருநாள் இருந்தவர் இந்த ஊர்ப் புலவர்கள் எல்லோரையும் எப்படிக் குறைசொல்லலாம் என்று கேட்ட மாணவியொருத்தி, மறுவாரம் பள்ளி நூலகத்திலிருந்து சிலப்பதிகாரத்தை எடுத்துவந்து புறஞ்சேரி இறுத்த காதையைப் பிரித்து வைத்தாள். அங்கே வையை "புலவர் நாவில் பொருந்திய பூங்கொடி". கண்ணகிக்கு வரவிருக்கும் துயரத்தை முன்னரே அறிந்தவள் போல அவள் நறுமலர்களை ஆடையாகப் போர்த்து, "கண்நிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி"ச் செல்கிறாள். ஆற்றையே அழவைத்த ஒரு பழம்புலவர் இருக்கும்போது, வெள்ளத்தை மட்டுமே பாடினார்கள் என்பது அவதூறு என்பதே அவள் வாதம்.

அதற்குப் பின்வரிசையிலிருந்து ஒருவன் பதில் சொன்னான். வையை அழுதது காப்பியத் தலைவிக்காக. ஆற்றோடு போன பெயரற்ற பெண்ணுக்காக அது அழவில்லை, ஆகவே ராமானுஜனின் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது என்றான். என் மனம் அவன் பக்கம் சாய்ந்தாலும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே, 1967இல், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர் ராமானுஜன் என்ற செய்தியை மட்டும் சொன்னேன். பழம்புலவர்களை அறியாதவர் அவர் அல்லர் என்றானதும் வழக்கு இன்னும் சிக்கலாகி, மணி அடித்த பிறகும் நடைக்கூடத்தில் தொடர்ந்தது.

இளங்கோவின் வரிகளையும் ராமானுஜனின் கவிதையையும் ஒரே தாளில் அச்சடித்து முதல் நாளே கொடுத்துவிடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் யோசனை சொன்னார். நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் கொடுத்தால் அது ஒப்பிட்டு எழுதுக என்ற கேள்வியாகச் சுருங்கி, அதற்கும் ஒரு மாதிரி விடை புழக்கத்துக்கு வந்துவிடும் என்பதால் நான் இணங்கவில்லை. பழைய தமிழ் நூல்கள் நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைக்கிறேன். சில ஆண்டுகளில் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை.