வெள்ளம் வடிந்த பிறகு: ஆன்லைனில் எடுத்துப் பார்த்த மூன்று சிகிச்சைகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. குளங்கள் உடைந்து தாமிரபரணியும் கரை மீறியதில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் தனித்தனித் தீவுகளாகிப் போயின. அப்படியான ஊர் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். சேறு வழித்து, நிவாரணத் தொகை ஆறாயிரம் வாங்கி, வீட்டுக்கு வெள்ளையும் அடித்து முடித்த பிறகு அந்த வெள்ள அதிர்ச்சியால் எனக்கு ஆரம்பித்த மனத் தொல்லைக்கு ஆன்லைன் வழியாக எடுத்துக்கொண்ட சிகிச்சைகளை, அதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

பகலில் எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடக் கணக்குப் பிரிவில் என் வேலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வருவேன். இரவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் நாலு தூறல் விழுந்தால் போதும், உடம்பு விறைத்துவிடும். எழுந்து வந்து டார்ச் அடித்து, தண்ணீர் எந்தப் படிவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். படி உலர்ந்து கிடக்கும், ஆனாலும் திரும்பப் படுக்க முடியாது. வெள்ளம் வந்த இரவில் கணவர் திருப்பூரில் வேலையில் இருந்தார், செல்போன் கோபுரம் ஒன்றும் வேலை செய்யவில்லை. சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, அத்தையை ஒரு கையில் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் எதிர்வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். தொழுவத்தில் கட்டிக் கிடந்த இரண்டு மாடுகளும் கத்துவது மாடிவரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட்காமல் போயிற்று. கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்கலாமே என்ற எண்ணம் அதன் பிறகு ஒரு நாளும் என்னை விடவில்லை.

நிவாரண முகாமில் இருந்த நாட்களில், நல்ல மனத்துடன் வந்த ஒரு குழுவினர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒருவர் விடாமல் சொல்லச் சொன்னார்கள். சொல்லி அழுதால் பாரம் குறையும் என்பது அவர்கள் எண்ணம். பேரிடர் நடந்த உடனே இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முதல் சில வாரங்களில் உணவு, பாதுகாப்பு, சொந்தபந்தங்களோடு தொடர்பு, கேட்டால் காது கொடுக்க ஒருவர், இவ்வளவு இருந்தால் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்தைத் தாண்டியும் அந்த நிகழ்ச்சி கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வந்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அதை பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் கோளாறு என்கிறார்கள். அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் எனக்கு அப்படித்தான் விளக்கினார். 20 கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எழுதித் தந்து, அதிர்ச்சி நினைவையே நேராகக் கையாளும் பேச்சு சிகிச்சை ஒன்றையும் சேர்த்து எடுப்பது நல்லது என்றார். அதற்கு வாராவாரம் அரை நாள் விடுப்பு எடுத்து பஸ் ஏறுவது எனக்குக் கட்டுப்படியாகாது. ஆன்லைனுக்கு வந்த காரணம் அதுதான்.

முதலில் எடுத்தது ஒரு செல்போன் செயலி. மூச்சுப் பயிற்சி, தூக்கக் குறிப்புகள், அன்றாடம் மனநிலையைக் குறித்துவைக்கும் பக்கம் என்று எல்லாம் இருந்தன. மூச்சுப் பயிற்சி இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது, தொழுவத்தைப் பற்றி அதனிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பாதியில் விட்டபோது ஏன் விட்டாய் என்று கேட்கவும் ஆளில்லை. செயலிவழிச் சிகிச்சையே பயனற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 196 பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எட்டுப் படிகள் கொண்ட ஒரு இணையவழிப் பயிற்சி, நேரில் கொடுக்கும் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை என்று கண்டார்கள். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பங்கேற்றவர்கள் ஒரே ஒரு நிகழ்ச்சியால் மிதமான அளவில் பாதிக்கப்பட்டவர்கள். பயிற்சி நெடுக ஒரு சிகிச்சையாளர் அவர்களை விசாரித்துக்கொண்டே இருந்தார். நான் எடுத்த செயலியில் அந்த ஆள் இல்லை.

அடுத்து வீடியோ வழியாக இ.எம்.டி.ஆர். என்கிற, கண் அசைவைக் கொண்டு செய்யும் சிகிச்சை. 1980-களின் கடைசியில் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ உருவாக்கிய முறை இது. வேதனையான காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டே, சிகிச்சையாளர் இடமும் வலமுமாக அசைக்கும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். சிறிது நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்பார்கள். ஆன்லைனில் விரலுக்குப் பதில் திரையில் ஓடும் ஒரு புள்ளி, அல்லது இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துத் தன் தோள்களைத் தானே மாறி மாறித் தட்டுவது. இந்தத் தட்டும் முறையே ஒரு பேரிடரில் பிறந்தது என்று எனக்குச் சொன்னார்கள்: 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோ நகரைத் தாக்கிய பவுலினா புயலில் தப்பியவர்களுக்காக லூசினா ஆர்ட்டிகாஸ் என்பவர் உருவாக்கியது. கண் அசைவுதான் குணப்படுத்துகிறதா, நினைவை எதிர்கொள்வதே போதுமானதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பலன் உண்டு என்பதை மட்டும் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது இதன் பெரிய சௌகரியம்.

எனக்கு இது சரிப்படாமல் போனதற்குக் காரணம் முறையில் இல்லை, சிக்னலில் இருந்தது. மாடுகள் கத்துவதை நினைவில் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும்போது திரை உறைந்து நின்றது. அந்த நிறுவனத்தினர் வேறொரு நாளைக்கு நேரம் மாற்றித் தருவதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அன்றைய இரவை நான் எப்படிக் கழிப்பது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதாகப் போன இடத்தில், தொடங்கும் முன்பே அந்தக் கேள்விக்கு ஏற்பாடு இருந்தது. சிகிச்சை தந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். முதல் அமர்வில் நான் "டாக்டர்" என்று கூப்பிட்டதும், "நான் டாக்டர் இல்லைங்க அக்கா, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை விஷயமெல்லாம் நீங்க உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க" என்று தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வார். இணைப்பு அறுந்தால் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, கண்ணில் படும் பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குள் அவர் சாதாரணப் போன் அழைப்பில் வந்துவிடுவார். அவசரத்துக்கு என் கணவர் எண்ணும் அவரிடம் இருந்தது.

அவர் கையாண்டது, அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய, வழக்கமாக 12 அமர்வுகளில் முடிகிற ஒரு அறிவாற்றல் சிகிச்சை. நடந்தவற்றைவிட, நடந்ததைப் பற்றி நாம் முடிவுகட்டி வைத்திருக்கும் எண்ணங்களைப் பிடித்து விசாரிப்பது அதன் வழி. எங்களுடையது இரண்டு அறை வீடு. நான் பேசினால் அத்தைக்கும் கேட்கும், மாடுகளைப் பற்றி அவர்முன் வாய் திறக்கவே மாட்டேன். அதனால் பேச வேண்டியதில் பெரும்பகுதியை எழுதச் சொன்னார். எழுத்துவழிச் சிகிச்சை ஒன்றும் ஒப்புக்குச் செய்கிற மாற்று ஏற்பாடு இல்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் லாங்கே குழுவினர் 1990-களின் இறுதியிலேயே, சிகிச்சையாளர் முகத்தைப் பார்க்காமல் இணையத்தில் எழுதி அனுப்பி, பதில் பெறும் முறையை நடத்திப் பார்த்தவர்கள். அமெரிக்காவில் டெனிஸ் ஸ்லோனும் பிரையன் மார்க்சும் வகுத்த முறையில் ஐந்தே அமர்வுகள், ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் எழுதுவது.

பள்ளிக்கூட நோட்டில் பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். "கயிற்றை நான் அவிழ்த்திருக்க வேண்டும்" என்ற வரியின் அடியில் கோடு போட்டு, அதை ஒட்டியே கேள்விகள் கேட்டார். அந்த நேரத்தில் தொழுவத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம், அது எனக்கு அப்போதே தெரியுமா, நான் அங்கே போயிருந்தால் சின்னவனை யார் வைத்திருப்பார்கள், இதையே என் தங்கை செய்திருந்தால் அவளிடம் என்ன சொல்வேன். நான் மாடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்த நீர்மட்டத்தை, கீழே நின்றபோதே தெரிந்திருந்ததாக மனம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. அதைக் காகிதத்தில் வரிசைப்படி எழுதிய அன்றுதான் கண்டுபிடித்தோம். பேச்சில் இது நழுவிப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இயற்கைப் பேரிடரில் இன்னொரு சிக்கல் உண்டு. விபத்தில் அடிபட்டவரிடம், அந்த ஆபத்து முடிந்துபோனது என்று சொல்லலாம்; எங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது, ஐப்பசி கார்த்திகை வருடாவருடம் வரும். 2024 டிசம்பர் மத்தியிலும் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. அப்போது நாங்கள் முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தோம். ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரைகளைப் பரண்மேல் ஏற்றுவதும், மாட்டை மேட்டுத் தெருவில் கட்டுவதும் முன்னெச்சரிக்கை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் தயங்காமல் செய்ய வேண்டியவை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வானிலைப் படத்தைத் திறந்து பார்ப்பதும், எச்சரிக்கையே இல்லாத இரவில் படியில் டார்ச் அடிப்பதும் பயத்துக்குத் தீனி போடுபவை. சாதாரணத் தூறலில் திண்ணையில் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பயிற்சியாகவே செய்தேன். முன்னெச்சரிக்கைக்கும் பயத்துக்கும் நடுவே இந்தக் கோட்டைச் சரியாகப் போட, எங்கள் பக்கத்து மழையை அறிந்த, தமிழில் பேசும் ஒருவர் தேவை. வெளிநாட்டுச் செயலி இதைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எந்த முறை உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சுனாமிக்குப் பிறகு 2005-இல் வடகிழக்கு இலங்கை முகாமொன்றில், 31 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாழ்க்கையைக் கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும் மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் நேரில் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் நன்றாகத் தேறின. குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட, வீட்டில் கதவு சாத்த ஓர் அறை உண்டா, சிக்னல் நிற்குமா, அமர்வு முடிந்த அடுத்த ஒரு மணி நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

பணம் கட்டும் முன், சிகிச்சை தருபவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் விசாரித்த இடங்களில் ஒரு அமர்வுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்வரை கேட்டார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தொடங்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுகிறார்கள், எந்த மருத்துவமனைக்குப் போவது என்றும் வழி சொல்வார்கள்.

என் மதினிக்கு நான் எழுத்துமுறையைத்தான் சொன்னேன். அவளுக்குப் பேனா பிடிக்கவே பிடிக்காது. மாடியில் தனி அறை இருக்கிறது, ஊருக்கு ஃபைபர் இணைப்பும் வந்துவிட்டது. இ.எம்.டி.ஆர். எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமைதோறும் அமர்வு முடியும்வரை பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். இப்போது நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறாள், மருத்துவரும் மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்.