பிஸ்டுலா சுருங்கினால்: தடவிப் பார்ப்பது முதல் பலூன் வரை

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் ரத்தநாளம்தான் பிஸ்டுலா. அது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அடைத்துக்கொள்ளும். ஊசி எடுத்துப் பத்து நிமிடத்தில் நின்றுகொண்டிருந்த ரத்தம் இப்போது அரை மணி நேரமாகியும் கசிகிறதா? அதே பம்ப் வேகம், அதே அளவு ஊசி, ஆனால் மெஷினில் சிரைப் பக்க அழுத்தம் வாராவாரம் ஏறுகிறதா? கை வீங்குகிறதா? ரத்தம் வெளியேறும் வழி குறுகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே வரும் வழி குறுகினால் நிலைமை நேர்மாறு. நாளம் தொய்ந்து கிடக்கும், ஊசி குத்துவதே சிரமம், தமனிப் பக்க அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஊசி கொஞ்சம் சுவரில் ஒட்டினாலே அழுத்தம் மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் எண்களைக் குறித்து வையுங்கள்.

மெஷினைவிட விரல் முந்திக்கொள்ளும். நல்ல பிஸ்டுலாவில் த்ரில், அதாவது விரலுக்குத் தெரியும் அதிர்வு, இடைவிடாமல் ஓடும், அழுத்தினால் மெத்தென்று இருக்கும். மேலே அடைப்பு வந்துவிட்டால் த்ரில் குறைந்து, நாடி மாதிரி விண்விண்ணென்று தெறிக்கும். படுத்தபடி கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். புடைத்த நாளம் வற்ற வேண்டும். ஒரு இடம் வரை புடைப்பாகவே நின்று, அதற்கு மேல் வற்றினால் சுருக்கம் அந்த எல்லையில்தான். உள்வழியைச் சோதிக்க, இணைப்பிலிருந்து சற்று மேலே நாளத்தை ஒரு விரலால் சில நொடி அழுத்துங்கள். கீழே துடிப்பு பலமாக வேண்டும். சோனியாகவே இருந்தால் வரத்து குறைவு.

டாப்ளர் ஸ்கேனில் பிஸ்டுலாவின் ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 500 மில்லிக்குக் கீழ், செயற்கைக் குழாயால் இணைத்த கிராஃப்டில் 600-க்குக் கீழ் என்றால் கவனிக்க வேண்டும். ஆனால் டயாலிசிஸ் ஒழுங்காக நடக்க, கையிலும் எந்த அறிகுறியும் இல்லாதபோது, படத்தில் சுருக்கம் தெரிகிறதே என்பதற்காக மட்டும் பலூன் போட (நாளத்துக்குள் பலூனை விரித்துச் சுருக்கத்தை நீக்க) அவசரப்பட வேண்டாம். மணிக்கட்டுப் பிஸ்டுலாவில் இணைப்பை ஒட்டிய சில சென்டிமீட்டரும், மேல்கைப் பிஸ்டுலாவில் தோளருகே நாளம் வளையும் இடமும், கிராஃப்டில் அது சிரையோடு சேரும் இடமும்தான் வழக்கமாகச் சுருங்கும். முன்பு கழுத்திலோ காறை எலும்பின் கீழோ டயாலிசிஸ் குழாய் (கதீட்டர்) இருந்திருந்தால் மார்புக்குள் இருக்கும் பெரிய சிரையையும் பார்க்கச் சொல்லுங்கள். கை முழுக்க வீங்க அதுவே காரணமாக இருக்கலாம்.

பலூன் போடும் நாளுக்கு முன்பே ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, சாய மருந்து ஒவ்வாமை, இன்னும் சிறுநீர் போகிறதா என்பது, கடைசி பொட்டாசியம் அளவு ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, பிஸ்டுலாவுக்குள் சிறு குழாய் நுழைத்து, மெல்லிய கம்பி வழியாகப் பலூனைக் கொண்டுபோவார்கள். குழாய் போடுவது பெரிதாக வலிக்காது. பலூன் விரியும் அந்த ஓரிரு நிமிடம்தான் உயிர் போவதுபோல் வலிக்கும். சுருக்கத்தைச் சுற்றியும் மரத்துப்போகும் ஊசி போடலாம், வலிக்கு மருந்தும் உண்டு. முன்கூட்டியே கேளுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. திரையில் பலூனின் நடுவே இடுப்பு மாதிரி ஒரு குறுகல் தெரியும், அது மறைந்தால்தான் சுருக்கம் விட்டிருக்கிறது. தழும்பு இறுகிய இடங்களில் 20 அட்மாஸ்பியருக்கு மேலும் அழுத்தம் கொடுக்க நேரும். அரிதாக நாளம் கிழியும். அதே பலூனை மெல்ல விரித்துக் கசிவை அடைப்பார்கள், முடியாவிட்டால் உறை போட்ட ஸ்டென்ட் (நாளத்தை உள்ளிருந்து தாங்கும் வலைக்குழாய்).

மிச்சச் சுருக்கம் 30 சதவீதத்துக்குக் கீழ் வந்ததா என்று கேளுங்கள். அதோடு கிளம்புமுன் நீங்களே தடவிப் பாருங்கள். துடிப்பு போய் த்ரில் திரும்பியிருக்க வேண்டும். தையல் போட்டிருந்தால் எப்போது பிரிப்பது, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பலூன் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பலூன் விரிப்பதே நாளச் சுவருக்கு ஒரு காயம். உள்சவ்வு தடித்து மறுபடி சுருங்குவது சகஜம். மூன்று மாதத்துக்குள் அதே இடம் திரும்பச் சுருங்கினால், இன்னொரு சாதாரண பலூனுக்குச் சம்மதிக்குமுன் மருந்து பூசிய பலூன், உறை ஸ்டென்ட், அறுவை சிகிச்சை மூன்றையும் பற்றிக் கேளுங்கள். மணிக்கட்டு இணைப்பை ஒட்டிய சுருக்கத்துக்கு, இணைப்பைச் சற்று மேலே மாற்றிவைக்கும் அறுவை நல்ல வழி. ஊசி குத்தும் பகுதியில் ஸ்டென்ட் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லுங்கள்.

த்ரில் அறவே நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது, அந்த இடத்தை அமுக்கிப் பிடித்துவிடவும் கூடாது. அன்றைக்கே போன் செய்து, கடைசியாக எப்போது த்ரில் இருந்தது, கடைசி டயாலிசிஸ் என்றைக்கு என்று சொல்லுங்கள். நாள் தள்ளத் தள்ள உறைந்த ரத்தம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், எடுப்பது கடினமாகும், அதற்குள் பொட்டாசியம் ஏறினால் கழுத்தில் தற்காலிகக் கதீட்டர் போட வேண்டி வரும்.