கறுப்புத் தகடு

அச்சகத்தில் என் வேலை, படங்களை ஸ்கேன் செய்து அச்சுத் தகட்டுக்குத் தயாராக்குவது. ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகத் தெரிந்ததுதான்.

ஓவியர் ஆதிமூலம் 2008இல் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அவருடைய படங்கள் ஒரு நூலுக்காக என் மேசைக்கு வந்தன. முதலில் வந்தவை, 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த கோட்டோவியங்கள். கறுப்பு மட்டும்தானே, ஒரே தகடு, அரை நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். தூசி துடைப்பதில் எனக்குக் கைவேகம் அதிகம். காந்தியைச் சுற்றித் தெறித்திருந்த புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுத்தேன். எங்கள் மூத்தவர் மூலப்படத்தை அதன் அருகில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூலத்தில் கிழவர் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். என் புரூஃபில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து அவருடைய மன்னர்கள் வந்தார்கள். ஆடை, அணி, மீசை எல்லாம் உண்டு. உடம்பு மட்டும் கோடு கோடாக உதிர்ந்துகொண்டிருக்கும். இந்தமுறை பயத்தில் எதையுமே துடைக்கவில்லை. உண்மையான தூசியும் ஒன்றிரண்டு இடத்தில் அச்சாகியிருக்கும்.

பிறகு எண்ணெய் வண்ண அரூப ஓவியங்கள். மன்னரும் இல்லை, காந்தியும் இல்லை. தடித்த வண்ணப் படலங்கள் மட்டும். வண்ண அச்சுக்கான நான்கு மைகளையும் திரையில் தனித்தனியே பார்ப்பது எங்கள் வழக்கம். கறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அணைத்தேன். உள்ளே எங்காவது அந்தப் பழைய கோடு ஒளிந்திருக்கும் என்று ஓர் ஆசை. சாம்பல் படிந்ததுபோல் மங்கிய திட்டுகள்தான் தெரிந்தன. சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கோட்டிலிருந்து வண்ணத்துக்குப் போனார் என்று எழுதுகிறார்கள், வீடு காலி செய்தவரைப் போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் படம் போட்டவரும் இவர்தான். கரிசல் மனிதர்கள் அதில் கோட்டிலேயே எழுந்து நிற்பார்கள். கித்தானில் விட்ட கோட்டைப் பத்திரிகைத் தாளில் அவர் விடவில்லை. மட்டமான தாளிலும் நிற்கக்கூடியது கோடுதான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இது அச்சுக்காரனின் ஊகம்.

ஒரு கித்தானின் நீலம் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. கூட்டினால் கறுத்தது, குறைத்தால் வெளுத்தது. ஐந்தாவது புரூஃபோடு விட்டுவிட்டோம்.