எந்தப் படகில் ஏறுவது? அலாஸ்காவில் பனியாறு பார்க்கப் போன கதை

கோடையில் அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது படகில் ஏறாமல் திரும்புவதில்லை. காரிலேயே போய்ப் பார்க்க முடிகிற பனியாறுகள் (கிளேசியர்கள்) சில இருக்கின்றன. ஆனால் பனியாறு நேராகக் கடலில் வந்து முடிகிற இடத்தையும், அதன் முன்னால் சீல்கள் பனிக்கட்டி மேல் படுத்துக் கிடப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் கடல் வழியைத் தவிர வேறு வழியில்லை. எந்தப் படகு என்பதில்தான் குழப்பம். தலைக்கு 200 டாலருக்கு மேல் ஆகிற சமாச்சாரம், ஐந்து பேர் என்றால் கேட்கவே வேண்டாம். டிக்கெட் போடும் வரை எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடிவே அதை வைத்துத்தான் வந்தது. திண்டுக்கல்லில் இருந்து வந்திருந்த அப்பா அம்மா, நான், கணவர், ஒன்பது வயதுப் பையன். காசு கொடுத்தால் ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அம்மாவுக்கு வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் பஸ் மலையேற ஆரம்பித்தாலே கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். பையனுக்கு பஃபின் பறவையைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் கொசுறு. கணவருக்கு திமிங்கலம். நான்தான் பனியாறு, பனியாறு என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜில் தங்கிக்கொண்டு போய்வரக்கூடிய படகுப் பயணங்களில் மிகச் சின்னது போர்ட்டேஜ் ஏரியில் நடப்பது. ஒரு மணி நேரம்தான். ஏரி என்பதால் கடல் அலை என்ற பேச்சே இல்லை. அந்த ஏரிக்கரையில் 1986-ல் ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள், பனியாற்றை உள்ளே உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று. பனியாறு உருகிப் பின்வாங்கி மலை முடுக்குக்குள் போய்விட்டது. இப்போது அந்த ஜன்னலில் ஏரிதான் தெரியும். பனியைப் பார்க்கப் படகு ஏற வேண்டும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இது சரி. ஆனால் இங்கே திமிங்கலமும் கிடையாது, பஃபினும் கிடையாது. பையன் முதல் நாளே நிராகரித்துவிட்டான்.

அடுத்தது விட்டியர். அங்கே போவதற்கே ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. இரண்டரை மைல் நீளம், ஒரே ஒரு தடம், அதிலேயே தண்டவாளம். ரயிலும் காரும் முறை வைத்துப் போகின்றன. ஒரு திசைக்கு மணிக்கு ஒரு தடவைதான் திறப்பார்கள். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், படகு நமக்காகக் காத்திருக்காது. ஊர் இன்னும் விசித்திரம். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதினான்கு மாடிக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து பிரின்ஸ் வில்லியம் சவுண்டு என்கிற கடல்பரப்புக்குள் போகிற பயணம் ஒன்றுக்கு ‘26 பனியாறுகள்’ என்றே விளம்பரம். சுற்றிலும் மலையும் தீவும் அணைத்த அமைதியான நீர், வயிற்றைப் புரட்டாது என்று அவர்களே உத்தரவாதம் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் காலேஜ் ஃபியோர்டு என்று ஒன்று இருக்கிறது (மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே போகும் கடலுக்கு ஃபியோர்டு என்று பெயர்). 1899-ல் ஹாரிமன் ஆய்வுக் குழுவோடு வந்த பேராசிரியர்கள் அங்குள்ள பனியாறுகளுக்கு ஹார்வர்டு, யேல் என்று அமெரிக்கக் கல்லூரிகளின் பெயரைச் சூட்டினார்கள். பிரின்ஸ்டனை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று கதை.

“26 எங்க, ஒண்ணு எங்க? விலை ஏறக்குறைய ஒண்ணுதானேம்மா?” என்றார் அப்பா, ஸீவர்டு ஊரிலிருந்து ஒரே ஒரு பனியாற்றுக்குப் போகும் படகோடு ஒப்பிட்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 26 என்பதில் பெரும்பாலானவை மலைச்சரிவில் தூரத்தில் தொங்குபவை. படகு பக்கத்தில் போய் நிற்பது ஒன்றிரண்டின் முன்னால்தான். எண்ணிக்கையைப் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு பனியாறு போதும், அதன் முன்னால் எஞ்சினைத் தணித்துவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கணக்கு. அதோடு விட்டியர் பக்கம் கடல் நீர்நாய்களும் சீல்களும் நிறைய என்றாலும், பஃபினும் திமிங்கலமும் பார்க்க ஸீவர்டுதான் தோது என்று போய்வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

ஸீவர்டு, ஆங்கரேஜில் இருந்து 127 மைல். இரண்டரை மணி நேரம் என்று மேப் சொல்லும், டர்னகெய்ன் ஆர்ம் என்கிற கடல் நுழைவின் கரையோரம் நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்காமல் போகிறவர்களுக்கு மட்டும். 1867-ல் ரஷ்யாவிடம் இருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிப் போட்ட வில்லியம் ஸீவர்டின் பெயர்தான் ஊருக்கு. ஊருக்கு மேலே ஹார்டிங் பனிவெளி. சுமார் 700 சதுர மைல் பனி, அதிலிருந்து நாலாபக்கமும் வழிந்து இறங்குபவைதான் இந்தப் பனியாறுகள். கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதிக் கொட்டுகிற பனி, வெயிலில் கரைவதை விட அதிகமாக விழுந்து விழுந்து சேர்ந்தது. 1980-ல் இந்தக் கடற்கரையைக் கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவாக்கினார்கள்.

ஸீவர்டில் மூன்று தினுசு. நாலு மணி நேரத்துக்குள் முடிகிறது ஒன்று, ஆறு மணி நேரம் ஒன்று, ஒன்பது மணி நேரத்தைத் தொடுவது ஒன்று. சின்னதை வாங்கும்போது கவனமாக இருங்கள். அது ரெசரெக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றிவிட்டு வரும். விலங்குகள் கிடைக்கும், பேர் கிளேசியர் தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும், கடலில் விழுகிற பனிமுகப்பு எதுவும் கிடையாது. துண்டுப் பிரசுரத்தில் எல்லாப் பயணத்துக்கும் பனியாற்றுப் படம்தான் போட்டிருக்கும், அதை நம்பி ஏறக்கூடாது. ஒன்பது மணி நேரப் பயணம் நார்த்வெஸ்டர்ன் ஃபியோர்டு வரை போகும். படம் எடுப்பவர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் போகும்போதும் வரும்போதும் திறந்த கடலில் நீண்ட நேரம் ஓட வேண்டும். அம்மாவையும் பையனையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஆறு மணி நேரப் பயணம் அயாலிக் விரிகுடாவுக்குள் போய் ஒரு பனியாற்றின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்புவது. அதையே போட்டோம்.

போடுவதற்கு முன் போனில் கேட்டேன்: திறந்த கடலில் எவ்வளவு நேரம், பனியாறு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், வெளித்தளத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாமா, பூங்காவின் ரேஞ்சர் யாராவது கூட வருவாரா, சைவச் சாப்பாடு உண்டா. திறந்த கடல் முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூட என்றார்கள். அம்மாவிடம் அரை மணி என்று சொன்னேன். சைவம் உண்டு என்றார்கள். அம்மா அதை நம்பாமல் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டாள்.

படகு கிளம்பித் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கடல் நீர்நாய். மல்லாக்கப் படுத்து, வயிற்றின் மேல் எதையோ வைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. சீல்களுக்கு இருப்பதைப் போல இதற்குத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. குளிரைத் தாங்குவது முழுக்க முழுக்க ரோமம்தான், பாலூட்டிகளிலேயே இதற்குத்தான் ரோமம் அடர்த்தி. அந்த ரோமத்துக்காகவே ரஷ்யர்கள் தொடங்கி எல்லாரும் கொன்று கொன்று, 1911-ல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தும்போது மிஞ்சியது கொஞ்சம்தான். எங்களைப் பார்த்தும் அது சாப்பாட்டை நிறுத்தவில்லை.

விரிகுடாவின் வாயருகே ஹம்ப்பேக் திமிங்கலம். முதலில் ஒரு வெள்ளைப் புகை, அப்புறம் முதுகு, கடைசியில் வால் மேலே எழும்பி உள்ளே போனது. அவ்வளவுதான், அடுத்த மூச்சுக்கு நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நூறு கஜத்துக்குள் படகு அதை நெருங்கக்கூடாது என்பது சட்டம். போனில் எடுத்தால் கடலும் ஒரு கறுப்புப் புள்ளியும்தான் வரும். கணவர் கொஞ்ச நேரத்தில் போனைப் பையில் போட்டுவிட்டு பைனாகுலரை எடுத்துக்கொண்டது நல்ல முடிவு.

அயாலிக் முனையைச் சுற்றும்போது படகு ஆட ஆரம்பித்தது. கேப்டன் முன்கூட்டியே மைக்கில் சொல்லிவிட்டார், எல்லாரும் உட்காருங்கள், நடந்தால் ஒரு கை கம்பியில் இருக்கட்டும் என்று. அம்மாவுக்கு டாக்டரிடம் கேட்டு ஊரிலிருந்தே அவோமின் வாங்கி வந்திருந்தோம், கிளம்புவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன். வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பிரயோஜனமில்லை. படகின் முன்பக்கமும் மேல்மாடியும் அதிகம் ஆடும், பின்பக்கம் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அங்கே வெளிக்காற்றில் அம்மாவை உட்காரவைத்து, தூரத்து மலையையே பார்க்கச் சொன்னேன். இடது கையில் கம்பி, வலது கையில் எலுமிச்சம்பழம். நகத்தால் தோலைக் கீறிக் கீறி முகர்ந்துகொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அம்மா பையில் இருந்து இன்னொரு பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, எப்படி முகர வேண்டும் என்று செய்து காட்டினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. பயணம் முடியும்வரை அந்தப் பெண்மணி பழத்தைத் திருப்பித் தரவில்லை.

சிஸ்வெல் தீவுகளை நெருங்கும்போது நாற்றம்தான் முதலில் வந்தது. ஸ்டெல்லர் கடல் சிங்கங்கள் பாறை முழுக்க. பெரிய ஆண் ஒரு டன் வரும். பக்கத்துச் செங்குத்துப் பாறையில் பஃபின்கள். தலையில் மஞ்சள் குடுமி வைத்தது ஒரு வகை, கண்ணுக்கு மேல் சின்னக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. குண்டு உடம்பு, குட்டை இறக்கை. நீருக்கடியில் இறக்கையாலேயே நீந்திப் பாய்கிற பறவைக்கு வானத்தில் பறப்பதுதான் கஷ்டம். வயிறு முட்டத் தின்ற ஒன்று படகு வருவதைப் பார்த்து எழும்பப் பார்த்தது. தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடியும் முடியாமல், கடைசியில் மூழ்கித் தப்பித்தது. பையன் சிரித்த சிரிப்பில் ரேஞ்சரே பேச்சை நிறுத்திவிட்டார்.

பனியாற்றுக்கு வருகிறேன். விரிகுடாவுக்குள் போகப் போகத் தண்ணீரின் நிறம் மாறும். பனி அரைத்துக் கொண்டுவரும் பாறைத்தூள் கலந்து சாம்பல் பச்சையாகிவிடும். அப்புறம் மிதக்கும் பனிக்கட்டிகள், படகு வேகத்தைக் குறைத்து நடுவில் நெளிந்து போகும். அயாலிக் பனியாற்றின் முகப்பு சுமார் ஒரு மைல் அகலம். எஞ்சின் சத்தம் அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது, சுற்றியிருக்கும் கட்டிகள் எல்லாம் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. பனிக்குள் காலங்காலமாக அடைபட்டுக் கிடந்த காற்றுக்குமிழிகள் பனி உருகும்போது வெடித்து வெளியே வரும் ஓசை அது. முகப்பில் புதிதாக உடைந்த இடங்கள் மட்டும் கடும் நீலம். நன்றாக இறுகிய பனி வெளிச்சத்தில் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை மட்டும் விடுகிறது.

உடைந்து விழுவதை எல்லாரும் ஒரே இடத்தில் எதிர்பார்த்து நிற்க, அது வேறெங்காவது நடக்கும். விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும், இடிச்சத்தம் ஒரு நொடிக்கும் மேல் கழித்து வந்து சேரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும். அப்பா இதைப் புரிந்துகொண்டு, ஒரே இடத்தைப் பார்க்காமல் முகப்பு முழுவதையும் மெதுவாக மேய்ந்துகொண்டே நின்றார். மங்கி கேப்பும் மழைக்கோட்டுமாக அவர் நகரவே இல்லை. பனி மேலிருந்து இறங்கும் காற்று ஜூலை மாதத்திலும் எலும்பைத் தொடும், கையுறை கட்டாயம். கீழே கட்டிகளின் மேல் சீல்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. பனி நெருக்கமாக மிதக்கும் இடத்துக்குள் ஓர்காக்கள் (சீல்களை வேட்டையாடும் கொலைகாரத் திமிங்கலங்கள்) எளிதில் வராது என்பதால் இது அவற்றுக்குப் பாதுகாப்பான இடம். படகுக்காரர்கள் வலை போட்டு ஒரு கட்டியைத் தூக்கி எல்லார் கையிலும் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இல்லை, கண்ணாடியை விடத் தெளிவு. அப்பா அதில் ஒரு சில்லை உடைத்துத் தன் தண்ணீர் பாட்டிலுக்குள் திணித்துக்கொண்டார்.

ஓர்கா எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் மே, ஜூனில் போவது நல்லது, சால்மன் மீனைத் தொடர்ந்து அப்போது அதிகம் வரும். பஃபின் வேண்டுமென்றால் மே முதல் ஆகஸ்ட் வரை, செப்டம்பரில் கூட்டைக் காலி செய்துவிடும்.

இந்தச் செலவு கட்டாது என்பவர்களுக்கு ஒரு யோசனை. சின்ன விரிகுடாப் பயணத்தை விலங்குகளுக்காக எடுத்துக்கொண்டு, பனிக்கு எக்ஸிட் பனியாறு போங்கள். ஸீவர்டில் இருந்து கார் போகிற தூரம், நுழைவுக் கட்டணம் கிடையாது. வழியில் 1917, 1951, 2005 என்று ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள், அந்தந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடக்கும்போதே கால் கணக்குச் சொல்லிவிடும். கோடையில் பகல் பொழுதில் பார்க்கிங் நிரம்பிவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. மழைக்கோட்டு எந்தத் திட்டத்துக்கும் வேண்டும், ஸீவர்டில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.