நெளிந்த சவ்வில் ஒரு புரதச் சுருள்: வீட்டுக் கணினியில் செய்து பார்த்தது

செல் சவ்வைப் புரதம் வளைக்கிறதா, அல்லது ஏற்கெனவே வளைந்திருக்கும் இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று தெரிந்ததிலிருந்து என் ஓய்வு நேரம் முழுவதும் இதற்கே போகிறது. மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட்டுக் காட்டும் க்ரோமாக்ஸ் இலவச மென்பொருள். அதில் ஓட்டும் மார்ட்டினி என்ற எளிமையாக்கிய மாதிரியில், ஹைட்ரஜன் நீங்கலாக ஏறக்குறைய நான்கு அணுக்களை ஒரே மணியாகக் கொள்வதால் சாதாரண கிராபிக்ஸ் கார்டே போதுமானதாக இருக்கிறது.

செல் சவ்வைப் போன்ற நீளமான லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) இரட்டை அடுக்கை இரு முனைகளிலிருந்தும் நெருக்கி, அது நெளிந்தபின் சிமுலேஷன் பெட்டியின் நீள அகலங்களைப் பூட்டி, உயரத்தை மட்டும் மாறவிட்டேன். இதனால் மேடு, சரிவு, பள்ளம் மூன்றும் ஒரே பெட்டியில் கிடைத்துவிடுகின்றன. மேல் அடுக்கின் சரிவில், தவளைத் தோலில் சுரக்கும் மெகைனின் 2 என்ற, 23 அமினோ அமிலங்கள் கொண்ட சுருளை வைத்தேன்.

சுருள் சிறிது நேரம் அலைந்துவிட்டு மேட்டின் உச்சியை நாடியது. படச்சட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது: உச்சியில் லிப்பிட் தலைகள் விலகி நிற்பதால் எண்ணெய்த் தன்மையுள்ள வால்கள் ஆங்காங்கே வெளித்தெரிகின்றன, 5, 12, 16ஆம் இடங்களிலுள்ள ஃபினைல்அலனின்கள் (நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள்) அந்த இடைவெளிகளில் இறங்க, நேர்மின்சுமையுள்ள லைசின்களோ லிப்பிட் தலைகளின் பாஸ்பேட்டுகளைப் பற்றியபடி மேலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் அளவிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. நெளிவே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருப்பதால், ஒவ்வொரு சட்டத்திலும் அலையின் வடிவத்தைப் பொருத்தி, உச்சியை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே சுருளின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். நேரத்தை விழுங்குவது சிமுலேஷன் அல்ல, இதுதான்.

இதை வைத்துச் சுருள் சவ்வை வளைத்தது என்று சொல்லிவிட முடியாது, வளைத்தவன் நான். இயற்பியலாளர் ஹெல்ஃப்ரிக் 1973இல் தந்த சமன்பாட்டின்படி, சவ்வின் வளைவு விறைப்பு (வளைவதை அது எதிர்க்கும் அளவு) வெப்ப ஆற்றல் (kT) அலகில் சுமார் 20 என்று கொண்டால், தட்டையான சவ்விலிருந்து ஒரு கோளக் குமிழை உருவாக்க, அது பெரிதோ சிறிதோ, அதே அலகில் 500 அளவுக்கு ஆற்றல் தேவை. தனிச் சுருளால் அது ஆகாது. பல சுருள்கள் கூட வேண்டும், அல்லது விறைப்பான பெரிய புரதம் வேண்டும்.

அதனால் அடுத்ததாக ஆம்ஃபிஃபைசின் என்ற புரதத்தின், சவ்வோடு ஒட்டும் பார் (BAR) பகுதியை எடுத்திருக்கிறேன். பிறை வடிவில் இணைந்த இரட்டையான அதன் குழிந்த முகம் நேர்மின்சுமை உடையது. எதிர்மின்சுமையுள்ள லிப்பிட்டுகளை அது இழுக்கும். ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. மார்ட்டினியில் புரதத்தின் வடிவம் குலையாமலிருக்க மணிகளிடையே செயற்கை வில்கம்பிகளைப் பூட்ட வேண்டியிருப்பதால், பிறையின் விறைப்பில் ஒரு பகுதி நான் தேர்ந்த வில்லின் வலிமையே. ஆகவே வில்லைத் தளர்த்தியும் இறுக்கியும் இரு விதமாக ஓட்டுகிறேன். தளர்ந்தது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.