மீன்தூளுக்கு மாற்று: கொடுவாவுக்குப் புண்ணாக்கு போதுமா?

காசிமேட்டில் விசைப்படகுகள் இறக்கும் மீனில் ஒரு பங்கு, எவர் வீட்டுக் குழம்புக்கும் போகாமல் மீன்தூள் ஆலைக்குப் போகிறது. அந்தப் பொடிமீன் குவியலைக் கிளறினால், கடலிலேயே விட்டிருந்தால் வளர்ந்து நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய இனங்களின் குஞ்சுகளும் கிடக்கும். நான்கைந்து கிலோ பச்சை மீனிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தூள்தான் கிடைக்கிறது என்பதால், வளர்ப்பு மீனின் தீவனத்தில் மீன்தூளுக்குப் பதிலாகத் தாவரப் புரதத்தைச் சேர்ப்பதை வடசென்னைக் கடற்கரையின் கேள்வியாகவே நான் பார்க்கிறேன்.

கட்லா, ரோகு போன்ற கெண்டைகளுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் தின்றே அவை நம் குளங்களில் வளர்ந்து வந்திருக்கின்றன. ஊன் தின்னும் கொடுவாவிடம்தான் கணக்கு மாறுகிறது.

மீன்தூளில் 60 முதல் 70 சதவீதம் வரை புரதம் உண்டு. சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48 வரைதான். அப்படியானால் சோயாவைக் கூடுதலாகப் போட்டால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. மீனின் உடல் கேட்பது புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களை. சோயாவிலோ மெத்தியோனின் குறைவு, டாரின் அநேகமாக இல்லவே இல்லை. செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் பக்குவமாகச் சூடாக்கினால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். சோயாவில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அவ்வளவு எளிதில் அடங்காது. அது பாஸ்பரஸைக் கட்டிப்போடுவதால், மீனுக்குச் சேர வேண்டிய சத்து கழிவோடு நீரில் கலந்து பாசியை வளர்க்கிறது. பழவேற்காடு போன்ற ஆழமற்ற ஏரியின் அருகே பண்ணை வைப்பவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. அந்த அமிலத்தைச் சிதைக்கும் ஃபைட்டேஸ் நொதி சேர்ப்பது இதற்குத் தீர்வு, ஆனால் தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டில் நொதி கெட்டுவிடக்கூடும் என்பதால் பின்னர் மேலே தெளிக்கும் வழக்கமும் இருக்கிறது.

நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990இல் சுமார் 90 சதவீதமாக இருந்த மீன்தூள், மீனெண்ணெய் போன்ற கடல்சார் பொருட்கள் 2013இல் 30 சதவீதம் அளவுக்கு இறங்கின. செறிவூட்டிய சோயாப் புரதமும் தனியாகச் சேர்த்த அமினோ அமிலங்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. வெறும் சோயாப் புண்ணாக்கை அதிகம் கொடுத்தால் அதிலுள்ள சாபோனின்கள் என்ற வேதிப்பொருட்களால் சால்மனின் பின்குடல் அழற்சி கொள்கிறது.

ஆகவே கொடுவா வளர்க்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: குஞ்சுப் பருவத்தில் மீன்தூளைக் குறைக்காதீர்கள், மீன் தேறிய பிறகு படிப்படியாக மாற்றுங்கள். மீன்தூளோடும் மீனெண்ணெயோடும் ஒமேகா-3 கொழுப்பும் குறைந்துபோகும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மீனெண்ணெய் சேர்த்த தீவனம் கொடுத்தால் அதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம்.